வீட்டுக்கல்வியா, வீட்டுக்குள் ஒரு வகுப்பறையா?

"ஹஜ்ரத், மூத்தவன் மளமளவென ஓதுகிறான், இளையவள் இன்னும் அலிஃப், பாவிலேயே நிற்கிறாள்." இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்க முனைந்த பெற்றோர் எம்மிடம் கொண்டுவரும் முறையீடு இது.

நாம் கேட்கிறோம்: இருவரையும் ஒரே பாடத்தோடு, ஒரே பிரம்பின் முன் அமர்த்துவதாயின், பள்ளியை விட்டு நீங்கியதன் பொருள் என்ன?

நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்தார்கள். ஹஸ்ஸான் (ரழி) அவர்களைக் கவிதையால் பதிலளிக்கச் செய்தார்கள். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) கற்க வந்ததை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. அவர் பின்னர் மதீனாவில் பாங்கு சொல்பவராக விளங்கினார். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்களை நபியவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை.

எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்பது அநீதி. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுள்ளது. மருத்துவரிடம் காட்டுவது இழுக்கன்று. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டில் தடுப்பது யார்? இறையச்சம் ஒன்றே.

குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. முப்பது பிள்ளைகளை ஒரே பாயில் அமர்த்தி, பிந்தியவனை 'மக்கு' என்று நாமும் அழைத்திருக்கிறோம். அவன் எம்மை மட்டுமன்று, ஓதுவதையே வெறுத்தான். அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

துறைமுகத்திலும் ஆலையிலும் ஷிப்டு முடித்து வரும் தந்தையரே! சுமை முழுவதையும் தாயின் தலையில் ஏற்றாதீர்கள். நாளும் சிறிது நேரம் ஒரு பிள்ளையோடு தனித்து அமருங்கள். பாடத்திற்கு முன் பிள்ளையைப் படியுங்கள். அமானிதம் பாடநூலன்று, பிள்ளையே.