மாடிப்படி மாதுவும் சர்வர் சுந்தரமும்

பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் நாடகம் உண்டு. பாட்டு உண்டு. கிரீடம் நழுவி மூக்கில் வந்து நிற்கும் ராஜாவும் உண்டு!

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் இன்றைக்கும் விழாக்கள் நடக்கின்றன. ஆனால், பல மேடைகளில் பாடுவது ஒலிபெருக்கிதான். பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். பெற்றோர் அதைச் செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

இது போதுமா? போதாது.

பிள்ளைகள் வாய் திறந்து பேச வேண்டும். பாட வேண்டும். பார்க்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். அதற்கு ஏற்ற கதைகள் சென்னை நாடக மேடையிலேயே இருக்கின்றன. கே.பாலசந்தர் எழுதிய "எதிர் நீச்சல்" ஒன்று. "சர்வர் சுந்தரம்" மற்றொன்று. முன்னது படிப்பைப் பற்றியது. பின்னது புகழைப் பற்றியது.

பாலசந்தரே முதலில் பள்ளிக்கூட வாத்தியார்தான். முத்துப்பேட்டையில் வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்து, அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். பகலில் கணக்கு. மாலையில் நாடகம்!

படிக்கட்டின் கீழே

மாது ஓர் அநாதை. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில், மாடிப்படிக்குக் கீழே அவனுக்குப் படுக்கை. எல்லா வீட்டு எடுபிடி வேலையும் அவன் தலையில்தான். மிஞ்சிய சோறு அவனுக்கு. இதற்கு நடுவே அவன் படிக்கிறான்.

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அந்த வீட்டுக் குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வேடிக்கை. கிட்டு-பட்டு தம்பதி ஒருவரே போதும்! 1968-ல் இது படமாக வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரியைச் சுட்டிக்காட்டிக் கணவனைக் குடையும் பட்டுவின் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்தது. பாட்டு எழுதியவர் வாலி. இசை வி.குமார்.

அந்தப் படத்தில் மாதுவாக நடித்தவர் நாகேஷ். கிட்டு, ஸ்ரீகாந்த். வாலி, நாகேஷ், ஸ்ரீகாந்த் மூவரும் பேர் எடுப்பதற்கு முன் தியாகராய நகரில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். கையில் காசில்லாத நாட்கள் அவர்களுக்குத் தெரியும். மாதுவின் பசி பொய்யாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றும் வகுப்பில் ஒரு மாது இருப்பான். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். அவன் காலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவான். அவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அவனோடு சேர்ந்து சிரிப்பது வேறு. இந்த நாடகத்தில் ஒரு வேடம் போட்ட பையனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். வாத்தியார் பத்து நாள் சொன்னாலும் அப்படித் தெரியாது.

கிடைத்ததும் போனதும்

சுந்தரம் ஓட்டல் சர்வர். டம்ளர்களை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கொண்டுவரும் சுந்தரத்தை யாரால் மறக்க முடியும்? அவன் சினிமா நடிகன் ஆகிறான். ஊரெல்லாம் அவன் பேச்சு. ஆனால், விரும்பிய பெண் கிடைக்கவில்லை. தாய் சாகும்போது அவன் படப்பிடிப்பில் இருக்கிறான். 1964-ல் ஏ.வி.எம். இதைப் படமாக எடுத்தது. அதிலும் நாகேஷ்தான்.

கடைசிப் பகுதியில் அழுகை கொஞ்சம் அதிகம்தான். பள்ளிக்கூட மேடையில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். தாய் சாகும் இடத்தை மட்டும் வெட்டக்கூடாது. இன்று பத்து வயதுப் பிள்ளைகூடச் செல்போனில் ஆடிக் காட்டிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளை பார்க்கவேண்டிய இடம் அது.

நாகேஷ் வாழ்விலும் புகழ் வந்தது. தியாகராய நகரில் அவர் பேரிலேயே ஒரு சினிமாக் கொட்டகை எழுந்தது. பின்னால் அது கல்யாண மண்டபம் ஆகிவிட்டது.

"பழைய கதை, பிள்ளைகளுக்குப் பிடிக்காது" என்று சில பெற்றோர் சொல்லலாம். பரீட்சைப் பயம் பழையதாகிவிட்டதா? பசிதான் பழையதாகிவிட்டதா? ஒத்திகைக்குச் சோம்பல்படும் பெரியவர்கள் சொல்லும் சாக்கு அது.

கூச்சப்படும் பையனுக்கும் "எதிர் நீச்சல்" கதையில் ஒரு வேடம் உண்டு. அந்த வீட்டில் இருமல் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இருமல் மட்டும் கேட்கும். திரைக்குப் பின்னால் நின்று, சரியான நேரத்தில் இருமினால் போதும். சபையே சிரிக்கும்!