சாமி குளிக்க, விமானம் நிற்க!

தென்காசி, குற்றாலம், கடையநல்லூர் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகும் நம் தோழர்களில் பலர், ஆரியங்காவுக் கணவாய் தாண்டித் திருவனந்தபுரம் போய்த்தான் விமானம் ஏறுகின்றார்கள். அந்த நிலையத்தின் பயணிகள் கட்டிடத்தைப் புதுப்பித்து விஸ்தரிக்கச் சுமார் 1,300 கோடி ரூபாயில் திட்டம் போட்டிருக்கின்றார்கள். வருஷத்துக்கு 32 லட்சம் பேருக்கான இடத்தை 1 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆக்குவார்களாம். சந்தோஷம்.

ஆனால் ஒரு கேள்வி. வருஷத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசாமி ஆராட்டுக்குச் சங்குமுகம் கடலுக்குப் போகும்போது, ஊர்வலம் விமானம் ஓடும் பாதையின் மேலேயே போகின்றது. அதற்காகச் சுமார் 5 மணி நேரம் எந்த விமானமும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை.

குற்றாலத்தில் வெள்ளம் வந்தால், குளிக்க வந்த மனிதனைத் தடுக்கின்றார்கள். அது அவன் உயிரைக் காக்க; நியாயம். இங்கோ சாமி குளிப்பதற்காக மனிதனைத் தடுக்கின்றார்கள். இது யார் உயிரைக் காக்க?

"நாளும் நேரமும் முன்பே தெரியப்படுத்துகிறோமே" என்பார்கள். தகப்பன் சாவுக்கு ஓடி வருகிறவன் வீட்டில் சாவு நாள் பார்த்தா வருகின்றது?

கட்டிடம் வரையும் இஞ்சினீயர் முதலில் பார்ப்பது, நெரிசலான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கைத்தான். சோதனை வாசலும், உட்காரும் இடமும், கக்கூசும் அந்தக் கணக்கின்படியே. 5 மணி நேரத்து விமானங்களை முன்னும் பின்னும் தள்ளினால் அந்த நெரிசல் கூடாதா? கோடி கொட்டிக் குறைப்பதை ஒரு வழக்கத்தால் வளர்ப்பதா?

"விமான நிலையம் 1932-ல் வந்தது, சாமியின் வழி அதற்கு முந்தியது" என்பது அடுத்த சமாதானம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோவிலுக்குள் நுழையக்கூடாது என்ற வழக்கமும் முந்தியதுதானே? அதைத் திருவிதாங்கூர் ராஜா 1936-ல் ஒரே கையெழுத்தில் ஒழித்தாரே! நம் செங்கோட்டையும் அன்று அவர் ராஜ்ஜியம்தான். சாமி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டதா? மனிதனுக்கு வழிவிட்ட சாமி விமானத்துக்கு வழிவிடாதா? நிலையத்தைச் சுற்றிக் கடற்கரைக்கு ஊர் ஜனங்கள் போகும் ரோடு இருக்கின்றது. அதில் போனால் சாமிக்குக் கால் வலிக்குமா? நடப்பது சுமக்கிறவன் கால்தானே!

யார் பக்தியையும் நாம் தடுக்கச் சொல்லவில்லை. பிரயாணிகள் கட்டணத்தில் நடக்கும் நிலையத்துக்குப் புதுத் திட்டம் வரையும்போதே, ஊர்வலத்துக்கு வேறு வழியும் வரையுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். சுவரை இடித்து நகர்த்தத் துணிந்தவர்கள் வழக்கத்தை நகர்த்தப் பயப்படுவானேன்?