விலைபோகாத நாயகி என்றொரு கணக்கு

பெண்ணை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட வீடியோ கேம் விற்காது என்பது இத்தொழிலில் நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்காத விதி. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது விற்பனைக் கணக்கு. அந்தக் கணக்கு போடப்பட்ட விதத்தில்தான் கோளாறு.

2012இல் அமெரிக்கச் சந்தை ஆய்வு நிறுவனமான ஈடார், நாயகர் ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரிந்த 669 கேம்களை ஆராய்ந்தது. பெண் மட்டுமே நாயகியாக இருந்தவை 24. ஆண் மட்டுமே நாயகனாக இருந்தவை இவற்றைவிட ஏறத்தாழ 75 சதவீதம் கூடுதலாக விற்றிருந்தன. இத்துடன் நிறுத்திக்கொண்டால் விதி நிலைத்துவிடும். ஆனால் நாயகி கேம்களுக்கு ஆன விளம்பரச் செலவு, நாயகன் கேம்களுக்கு ஆனதில் சுமார் 40 சதவீதமே என்பதும் அதே ஆய்வில் இருந்தது. இந்த நிலையில் விற்பனைக் குறைவுக்குப் பாத்திரத்தைப் பழிப்பது, தண்ணீர் பாய்ச்சாத வயலில் விதையைக் குறை சொல்வதுதான். தவிர, 24 கேம்களை வைத்துப் பொது விதி வகுப்பதைப் புள்ளியியல் தெரிந்த எவரும் ஒப்பமாட்டார்.

பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் கேம் வரிசையில் விளம்பரத்தின் பங்கு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அதன் முதன்மைப் பாத்திரமான கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். கதை பெரும்பாலும் ஒன்றே. பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல் கொடுத்த குரல் பெரிதும் பாராட்டப்பட்டது. அப்படியிருந்தும் 2011இல் நிறுவனம் சொன்ன கணக்குப்படி அவரைத் தேர்ந்தவர்கள் 18 சதவீதம்தான். அதுவரை அட்டைப்படத்தில் இருந்தது ஆண் முகம். 2012இல் வந்த மூன்றாம் பாகத்துக்குத்தான் பெண் ஷெப்பர்டு தோன்றும் ட்ரெய்லரும், திருப்பிப் போட்டால் அவர் முகம் தெரியும் அட்டையும் கிடைத்தன. 2021இல் மூன்று பாகங்களும் மறுதொகுப்பாக வந்தபோது அவரைத் தேர்ந்தவர்களின் விகிதம் 32 சதவீதமாகியிருந்தது. பத்தாண்டுகளில் ஆடுவோர் கூட்டமும் மாறியிருக்கும் என்பதால், உயர்வு முழுவதையும் அட்டைப்படத்தின் பேரில் வரவு வைக்க முடியாது.

பணம் போடுபவர் வெளியீட்டாளர் என்பதால் இந்த விதி கதை எழுதும் மேசைவரை வந்துவிடுகிறது. ரிமெம்பர் மீ (2013) கேமை உருவாக்கிய பிரெஞ்சு ஸ்டூடியோ டோன்ட்நாட், நாயகி பெண் என்பதாலேயே சில வெளியீட்டாளர்கள் கைவிரித்ததாக வெளிப்படையாகச் சொன்னது. கடைசியில் அதை ஏற்றது கேப்காம். அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் (2018) கசாண்ட்ரா என்ற பெண்ணைத் தனி நாயகியாக்கத்தான் உருவாக்கக் குழு விரும்பியது என்றும், பெண் விற்கமாட்டாள் என்று மேலிடம் கருதியதால் அலெக்சியோஸ் என்ற ஆண் நாயகனும் சேர்க்கப்பட்டான் என்றும் 2020இல் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. ஆனால் ஒடிசிக்கு ஓராண்டு முன்பே வந்திருந்தது ஹொரைசன் ஜீரோ டான். அதன் நாயகி ஏலாயைச் சோனி தன் முன்னணி வெளியீடுகளில் ஒன்றாக நிறுத்தி விளம்பரம் செய்தது. அது 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

நாயகிகள் பெருகிய இடத்திலும் சந்தையின் கை ஓய்ந்துவிடவில்லை. கென்ஷின் இம்பாக்ட் (2020) போன்ற கச்சா (gacha) எனப்படும் குலுக்கல் வகை கேம்களில் பெண் பாத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே கேம் இலவசம். குலுக்கல் முறையில் விலைக்கு வருவது பாத்திரம். இலவச கேம்களின் வருவாயில் பெரும்பங்கு ஆடுவோரில் ஒரு சிறு பிரிவினரிடமிருந்தே வருவதால், பாத்திரத்தின் தோற்றத்தையும் உடையையும் வடிவமைப்பவர் அந்தப் பிரிவினரின் ரசனையையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. பணம் செலவழிக்காமல் ஆடும் பெண்களின் விருப்பம் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.