தக்காளிச் செடி, பழைய பீரோ, ஒரு நாய்க்குட்டி: மூணையும் ஒரே கணக்குல எழுதாதீங்க



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகி, மேன்ஷனையோ பிஜியையோ விட்டுட்டு தனியா ஒரு வீடு எடுத்ததும் பெரும்பாலானவங்களுக்கு மூணு ஆசை வரும். மாடியில நாலு தொட்டி வைக்கணும். வீட்டுச் சாமானை பழசுல பார்த்து மலிவா வாங்கணும். ஒரு நாயோ பூனையோ வளர்க்கணும். மூணுமே நல்ல ஆசைதான், எனக்கு எதிர்ப்பு இல்ல. ஆனா நம்ம ஆளுங்க இதுக்குப் போடற கணக்கு இருக்கே, அது அப்படியே தலைகீழா இருக்கு. தோட்டத்தை சேமிப்புன்னு எழுதறாங்க. பழைய சாமான் வாங்கறதை கௌரவக் குறைச்சலா நினைக்கறாங்க. நாயை ஒருமுறை செலவுன்னு எழுதிட்டு மறந்துடறாங்க. என்னோட கருத்து இதுதான்: தோட்டம் ஒரு பொழுதுபோக்குச் செலவு, பழைய சாமான்தான் உண்மையான சேமிப்பு, நாய்ங்கறது முன்கூட்டியே அடைச்சு முடிக்க முடியாத ஒரு இஎம்ஐ.

முதல்ல தோட்டம். 2023 ஜூலையில தக்காளி விலை ஏறினது ஞாபகம் இருக்கா? கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில அரசாங்கமே ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு வித்தாங்க. அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்ச நிறைய பேர் குரோ பேக், கோகோபீட், மண்புழு உரம்னு வாங்கிக் குவிச்சாங்க. விதை போட்டு, நாத்து எடுத்து நட்டு, முதல் பழம் கைக்கு வர மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள மார்க்கெட்ல தக்காளி சல்லிசா இறங்கிடுச்சு. காய்கறி விலையைப் பார்த்துத் தோட்டம் போடறவங்களுக்கு எப்பவும் நடக்கறது இதுதான். நமக்கு ஆசை வர்றதும் விலை உச்சத்துல இருக்கறதும் ஒரே நேரம். பங்குச் சந்தையில உச்சத்துல உள்ள நுழையறோமே, அதே கதை.

கணக்கைப் போட்டே பார்த்துடலாம். 20 பை வைக்கறீங்கன்னு வச்சுக்குவோம். பை, கலவை, உரம், ஏத்தி இறக்கற கூலி எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 200 ரூபாய்னா 4,000. நிழல்வலை, பைப், வேப்பெண்ணெய், ஒரு பூவாளி, இன்னொரு 2,500. ஆரம்பமே 6,500 ரூபாய். ரெண்டு பேர் இருக்கற வீட்டுல அந்த 20 பை மாசம் 300, 400 ரூபாய்க்கு காய் கொடுத்தா அது நல்ல தோட்டம். அதுலயும் மே மாசம் கிடையாது, மாவுப்பூச்சி வந்த மாசம் கிடையாது, நீங்க தீபாவளிக்கு ஊருக்குப் போய் அஞ்சு நாள் தண்ணி ஊத்தாத மாசமும் கிடையாது. போட்ட காசு திரும்பி வர ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆயிடும். அதுக்குள்ள ஹவுஸ் ஓனர் வாடகையை ஏத்தி நீங்க வேற வீடு பார்த்துக்கிட்டு இருப்பீங்க. ஈரமான கலவையோட ஒரு பெரிய பை 25 கிலோ வரும். 20 பைன்னா அரை டன். எந்த பேக்கர்ஸ் ஆளும் அதைச் சிரிச்சுக்கிட்டே தூக்க மாட்டாங்க.

"கறிவேப்பிலை, கொத்தமல்லியாவது மிச்சமாகுமே"ன்னு கேப்பீங்க. அதைத்தான் காய்க்காரம்மா கொசுறாவே போடறாங்களே!

அதனால தோட்டம் போடாதீங்கன்னு சொல்லல. நானும் போட்டிருக்கேன். சினிமா, ஹோட்டல் எழுதற அதே வரிசையில அதையும் எழுதுங்கன்னுதான் சொல்றேன். மாசம் 500 ரூபாய் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அப்படி எழுதினா தக்காளி காய்க்கலைன்னாலும் நஷ்டம்னு தோணாது. சாயங்காலம் லேப்டாப்பை மூடிட்டு மாடிக்குப் போய் அரை மணி நேரம் நின்னா போதும், காசு வசூல். செலவைக் குறைக்கணும்னா சிறுகீரை, அரைக்கீரையில ஆரம்பிங்க, 25, 30 நாள்ல பறிச்சுடலாம். புதினாவுக்கு விதையே வேணாம், சமைக்க வாங்கின கட்டுலேர்ந்து நாலு தண்டை நட்டாலே போதும். குரோ பேக்குக்குப் பதிலா பழைய பெயிண்ட் பக்கெட், மீன் கடையில தூக்கிப் போடற தெர்மாகோல் பெட்டி, அடியில ஓட்டை போட்ட அரிசி மூட்டைப் பை. தோட்டக்கலைத் துறை மானியத்துல மாடித்தோட்டத் தளை கொடுக்கறாங்க, அதையும் விசாரிச்சுட்டு கடைக்குப் போங்க. வாடகை வீடுன்னா மாடியில எதையும் வைக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒரு வார்த்தை. தண்ணிக் கசிவுன்னு சொல்லி அட்வான்ஸ்ல பிடிச்சா உங்க மொத்த விளைச்சலும் அதுல போயிடும்.

அடுத்தது பழைய சாமான். இதுல நம்ம ஊருக்கு ஒரு வரலாறே இருக்கு. சென்ட்ரல் பக்கத்துல இருந்த மூர் மார்க்கெட், 1985-ல எரிஞ்சு போற வரைக்கும், பழைய புத்தகத்துலேர்ந்து வளர்ப்புப் பறவை வரைக்கும் எல்லாமே கிடைச்ச இடம். வண்டி பார்ட்ஸ்னா புதுப்பேட்டை, எலெக்ட்ரானிக்ஸ்னா ரிச்சி ஸ்ட்ரீட். போன தலைமுறை இதை அசிங்கமா நினைச்சதே இல்ல. நமக்குத்தான் முதல் சம்பளம் வந்ததும் வட்டியில்லா இஎம்ஐ-ல புது ஃபிரிட்ஜ், புது வாஷிங் மெஷின், புது கட்டில் எல்லாம் ஒரே மாசத்துல வேணும்.

25,000 ரூபாய் ஃபிரிட்ஜ் ரெண்டு மூணு வருஷப் பழசா 10,000-க்குக் கிடைக்குதுன்னு வைங்க. குட்டி யானை வாடகையும் ஏத்துக்கூலியும் 1,500. மிச்சம் 13,500. இது கையில நிக்கற பணம். தோட்டத்துல வர்றதா சொல்ற மிச்சம் மாதிரி கற்பனை இல்ல. கட்டில், இரும்பு பீரோ, டைனிங் டேபிள் மாதிரி ஓடற பாகம் இல்லாத சாமான்ல இன்னும் லாபம். கரையானும் மூட்டைப்பூச்சியும் இல்லாம பார்த்துக்கிட்டா போதும். மெத்தை, ஹெல்மெட், கேஸ் டியூப் இது மூணும் மட்டும் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் பழசு வேணாம்.

ஃபிரிட்ஜ் பார்க்கப் போறதுக்கு முந்தின நாளே, ஆஃப் பண்ணாம ஓட விட்டு வைக்கச் சொல்லுங்க. கதவு ரப்பருக்கு நடுவுல ஒரு பத்து ரூபாய் நோட்டை வச்சு மூடி இழுங்க, வழுக்கிக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு. ஸ்டார் லேபிள்ல எத்தனை ஸ்டார்னு மட்டும் பார்க்காதீங்க, எந்த வருஷம்னு பாருங்க. 2022 ஜூலையில ஏசிக்கான அளவுகோலை மாத்தினப்ப, அதுவரைக்கும் 5 ஸ்டாரா இருந்தது 4 ஸ்டார் ஆச்சு. ரொம்பப் பழசை மலிவா வாங்கிட்டு, ரெண்டு மாச கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினா, மிச்சம் பிடிச்சதை மின்வாரியத்துக்குக் கட்டிடுவீங்க. பழைய போன்னா ஐஎம்இஐ நம்பரைச் சரி பார்க்காம காசு கொடுக்காதீங்க. கேஒய்எம்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, இடம் விட்டு 15 இலக்க நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா போதும்.

நீங்க விக்கற பக்கம் இருந்தா ஒரே ஒரு விஷயம். "நான் ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, க்யூஆர் அனுப்பறேன் ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்"னு யாராவது சொன்னா போனை வச்சுடுங்க. பணம் வாங்கறதுக்கு ஸ்கேனும் தேவையில்ல, பின் நம்பரும் தேவையில்ல. ஏமாந்துட்டா உடனே 1930-க்கு அடிங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

இதுல இருக்கற ஒரே பொறி, மலிவா கிடைக்குதேன்னு தேவையில்லாததை வாங்கறது. ராத்திரி படுத்துக்கிட்டு ஓஎல்எக்ஸ்ல தள்ளிக்கிட்டே போறது சேமிப்பு இல்ல, அதுவும் ஷாப்பிங்தான்.

இப்ப நாய்க்கு வருவோம். நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதுக்காகத்தான்.

தோட்டம் காஞ்சா பையைக் கொட்டிடலாம். ஃபிரிட்ஜ் ரிப்பேரானா காயலான் கடைக்குப் போடலாம். நாய் அப்படி இல்ல. சாதாரணமா 10, 12 வருஷம் இருக்கும். பூனை இன்னும் கூட இருக்கும். இப்ப உங்களுக்கு 25 வயசுன்னா, அந்தக் குட்டி உங்க கல்யாணத்தையும் பார்க்கும், ரெண்டு மூணு வேலை மாறறதையும் பார்க்கும், நாலு வாடகை வீட்டையும் பார்க்கும். சாப்பாடு, வருஷாந்திரத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கு மருந்து, நீங்க ஊருக்குப் போற நாள்ல விட்டுட்டுப் போற இடத்துக்குக் கட்டணம், எல்லாத்தையும் சராசரியா மாசம் 3,000 ரூபாய்னு வைங்க. 12 வருஷத்துக்கு 4,32,000. வருஷத்துக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறினா 6 லட்சத்தைத் தாண்டும். குட்டியோட விலை இதுல ஒண்ணுமே இல்ல.

"இதையே எஸ்ஐபி-ல போட்டா எவ்வளவு தெரியுமா"ன்னு ஒரு கூட்டம் வரும். அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்காது. நாய் வளர்க்கறவன் வருமானத்துக்காக வளர்க்கல. அதை மியூச்சுவல் ஃபண்டோட ஒப்பிடறது, அம்மாவுக்கு வாங்கின புடவையை ஒப்பிடற மாதிரி. நான் கேக்கறது வேற கேள்வி: இந்த 3,000 ரூபாய் 144 மாசமும் உங்ககிட்ட இருக்குமா? வேலை போன மாசமும் இருக்குமா?

ஏன்னா இல்லாதப்ப அதோட விலையை நீங்க கட்டறதில்ல, அந்த ஜீவன் கட்டுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, ஐடி வேலை, ஆசையா ஒரு லேப்ரடார் வாங்கினான். குட்டிக்கு பார்வோ வந்துச்சு. நாலு நாள் டிரிப்ஸ், ஊசின்னு வந்த பில்லை கிரெடிட் கார்டுல தேய்ச்சான். முழுசா கட்ட முடியல, மாசம் மூணரை சதவீதம் வட்டியில ஓடிச்சு. குட்டி பிழைச்சுக்கிச்சு. அடுத்த வருஷம் அவனை புனேவுக்கு மாத்தினாங்க. அங்க பார்த்த எந்த வீட்லயும் நாய்க்கு இடம் இல்ல. கடைசியில அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டுப் போனான். அந்த வாட்ச்மேன் சம்பளத்துல ஒரு லேப்ரடாருக்கு என்ன போட முடியும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. அவன் கெட்டவன் இல்ல. போன்ல பேசினப்ப அழுதான். ஆனா தெருவுல சுத்தற, கழுத்துல பட்டை தழும்பு இருக்கற ஜாதி நாய்ங்க பல இப்படித்தான் வந்ததுங்க. பசியில வாடற மாதிரி ஒரு பிராணியைக் கைவிடறது 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட.

அதனால என் யோசனை இது. நாய் வர்றதுக்கு முன்னாடி, ஆறு மாசம் நாய்க்குச் செலவு பண்ணுங்க. சம்பளம் வந்த அன்னைக்கே 3,000 ரூபாய் தனி அக்கவுண்டுக்குப் போகட்டும். அதோட ஒரு மாசமாவது காலையில ஆறு மணிக்கு எழுந்து அரை மணி நேரம் நடங்க, ராத்திரி எட்டு மணிக்குள்ள வீடு வந்து சேருங்க. ஆறு மாசமும் அந்தப் பணத்தைத் தொடாம இருந்தீங்கன்னா கையில 18,000 இருக்கும். அதுதான் உங்க நாயோட ஆஸ்பத்திரி நிதி. நடுவுல ரெண்டு தடவை அதை எடுத்து போன் பில்லும் கார்டு பில்லும் கட்டியிருந்தீங்கன்னா, உங்களுக்கும் பதில் தெரிஞ்சுடும், நல்லவேளையா எந்த ஜீவனும் பட்டினி கிடக்காம. இது தவிர உங்களுக்குன்னு மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும். செல்லப் பிராணி இன்சூரன்ஸ் நம்ம நாட்டுலயும் இருக்கு. ஆனா வயசு வரம்பையும் எதுக்கெல்லாம் கிடைக்காதுங்கறதையும் படிச்சுட்டு எடுங்க.

இனம் விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா பேசுவேன். சென்னை வெயில்ல ஹஸ்கி வளர்க்கறது அதுக்கும் கஷ்டம், உங்க கரண்ட் பில்லுக்கும் கஷ்டம். அதுக்காக ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறைன்னு பெருமைக்கு வாங்கி ஒரு பெட்ரூம் வீட்டுல கட்டிப் போடாதீங்க, அதெல்லாம் ஓடி வேட்டையாடற நாய். தெருக்குட்டி ஒண்ணைத் தத்தெடுங்க. வேளச்சேரியில ப்ளூ கிராஸ் இருக்கு, மத்த ஊர்கள்லயும் காப்பகங்கள் இருக்கு. பெரிய சிகிச்சைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தனியார் அளவுக்குச் செலவு ஆகாது, ஆனா காத்திருக்க நேரம் ஒதுக்கணும். சென்னைக்குள்ள இருந்தா மாநகராட்சி லைசென்ஸ் கட்டாயம்.

வீட்டு விஷயம் கடைசி. நாய் வளர்க்கறதை அசோசியேஷன் தடை பண்ண முடியாதுன்னு விலங்குகள் நல வாரியத்தோட 2015 வழிகாட்டுதல் சொல்லுது. ஆனா ஓனர் உங்களுக்கு வீடு தராம இருக்கறதை அது தடுக்காது. அதனால வாடகை ஒப்பந்தத்துல "செல்லப் பிராணி வளர்க்க அனுமதி உண்டு"ன்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. வாய்வார்த்தை வேணாம். ஓனர் மாறலாம், ஓனரோட மருமகள் மாறலாம்.

உங்க வீட்டு நாய், பூனைக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு ஊர்ப் பேரோட கீழ எழுதுங்க, ஆறு மாச ஒத்திகை பார்க்கறவங்களுக்கு உதவும். அடுத்த வீடியோ பழைய பைக் வாங்கறது பத்தி: ஃபார்ம் 29, ஃபார்ம் 30, அப்புறம் 14 நாளைக்குள்ள இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கறது.