ஆட்டம் முடிந்த பின்னும்

விளையாட்டு வீரர்கள் அணியும் மேலாடைகளைத் தைத்து உலகிற்கு அனுப்பும் ஊர் திருப்பூர். அவ்வூரின் திடல்களில் கபடியும் கைப்பந்தும் ஆடும் இளைஞர்களுள் பனியன் நிறுவனங்களில் பணிபுரிவோரும் உண்டு. அவர்களின் வெற்றி நாளிதழில் ஒரு பத்தியாக வரலாம், வராமலும் போகலாம். அந்த ஆட்டங்களைப் பதிவு செய்ய இளைஞர் சிலர் இணையத்தில் ஒரு விளையாட்டுச் செய்தித்தளம் தொடங்குவதாகக் கொள்வோம். அதற்கு எந்த உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

செய்தியை எழுதவும் திருத்தவும் வெளியிடவும் சேமித்து வைக்கவும் உதவும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. நிரல் எழுதத் தெரியாதவரும் இதன் துணையால் தளம் நடத்தலாம். தேர்ந்தெடுப்போர் பலர் முகப்பின் அழகையே முதலில் காண்கின்றனர். ஆடை வாங்குபவர் அதில் அச்சிட்ட படத்தில் மயங்கலாம். ஆடை செய்பவரோ துணியின் எடையையும் சாயத்தின் உறுதியையும் பார்ப்பார். தளம் நடத்துவோரும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, செய்தி எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பது. 1993ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்த சைமன் கிங் என்பவரால் கிரிக்இன்ஃபோ தொடங்கப்பட்டது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதை வளர்த்தனர். தமிழகத்தைச் சேர்ந்த பத்ரி சேஷாத்ரியும் அதன் நிறுவனர்களுள் ஒருவர். 1877இல் நடந்த முதல் டெஸ்ட் போட்டியில் சார்லஸ் பானர்மேன் 165 ஓட்டங்கள் எடுத்ததை இன்று நொடியில் தேடிக் காண்கிறோம். வீரர், எதிரணி, நாள், ஓட்டம் ஆகியவை தனித்தனிப் புலங்களாகச் சேமிக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். உள்ளூர்க் கபடிக்கும் இத்தகைய புலங்கள் வேண்டும்.

அடுத்தது உரிமை. திருப்பூர் தனி மாவட்டமான அதே 2009ஆம் ஆண்டில், ஜியோசிட்டிஸ் என்னும் இலவசத் தளச் சேவையை யாகூ நிறுவனம் அமெரிக்காவில் மூடியது. அங்கே பக்கங்கள் அமைத்திருந்தோர் தம் எழுத்துகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சமூக ஊடகப் பக்கமே போதும் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறர் இடத்தில் வைத்த பொருள், அவர் கதவை மூடும்வரைதான் நம் கைக்கு எட்டும்.

மூன்றாவது மொழி. ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியீட்டைப் பயன்படுத்திய காலம் ஒன்றிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ், பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்தான். எனவே, ஒருங்குறித் தமிழில் எழுதவும் தேடவும் இயலாத அமைப்பை ஒதுக்கிவிட வேண்டும்.

இவ்வளவுகோல்களின்படி கட்டற்ற மென்பொருளே ஏற்றது என்பது என் கருத்து. 2001இல் வெளிவந்த துருப்பல் நுட்பமான தரவுகளைக் கையாள வல்லது. ஆயின், அதை அமைக்கத் தேர்ந்த வல்லுநர் தேவை. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் கற்பதற்கு எளிது. விளையாட்டுக்குரிய புலங்களையும் அதில் சேர்க்கலாம். எனவே, சிறு குழுவிற்கு அதுவே பொருந்தும். நிருபர் எழுதியதை ஆசிரியர் பார்த்த பின்பே வெளியிடும் முறையும் அதில் உண்டு. தைத்த ஆடை சோதனைக்குப் பின்னரே பெட்டிக்குள் செல்வது போன்றது அது. ஆயினும், கட்டற்றது என்பதால் கவலையற்றது என்று எண்ணலாகாது. பழைய செருகுநிரல்களைப் புதுப்பிக்காத தளம் ஊடுருவலுக்கு எளிதில் ஆளாகும். படிகள் எடுத்து வேறிடத்தில் வைப்பதும் கடமையாகும்.

இரவில் வென்ற கோப்பையுடன் வீடு திரும்பி, காலையில் வேலைக்குச் செல்லும் வீரரின் பெயர், இருபது ஆண்டுகள் கழித்து அவர் மகள் தேடும்போதும் கிடைக்க வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் எண்ண வேண்டியது இதுவே.