தொட்டிக்கட்டு வீட்டுக்குப் பொடக்காலியும் உண்டு

காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பழைய தொட்டிக்கட்டு வீடுகளைப் பற்றி நிறைய வீடியோக்கள் வருகின்றன. நடுவில் வானம் பார்த்த தொட்டி. நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில் விழும். சுற்றிலும் மரத்தூண்கள், நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், விசாலமான ஆசாரம். கோடையிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும். எல்லாம் உண்மை. கடைசியில் 'நம் முன்னோர்களின் கட்டடக்கலை' என்று முடிப்பார்கள். யாருடைய முன்னோர்கள்?

என் பாட்டியும் அப்படியொரு வீட்டில் பண்ணையத்துக்கு இருந்தவர்தான். சாணி வழித்தார், கட்டுத்தரை கூட்டினார், பொடக்காலியில் நின்று கம்பும் சோளமும் முந்தானையில் வாங்கினார். ஆசாரத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. யார் எதுவரை வரலாம் என்பதும் அந்த வீட்டின் கட்டடக்கலைதான். அதை எந்தக் கேமராவும் காட்டுவதில்லை.

அந்த வீடுகளைக் கட்டிய பணம் தோட்டத்திலிருந்து வந்தது. தோட்டத்துக்குக் கிணறுதான் உயிர். கவலை ஓட்டிய காலத்தில் தண்ணீர் இறைக்கும் தோல் பறியைத் தைத்தவர்கள், ஊர் 'மாதாரி' என்றழைத்த அருந்ததியர்கள். பண்ணையாட்களாக முன்பணக் கடனில் கட்டுண்டு கிடந்தவர்களிலும் அவர்களே அதிகம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். காங்கேயம் மாட்டினத்தை வளர்த்தெடுத்த பெருமை பழையகோட்டைப் பட்டக்காரருக்கு எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாடுகளுக்குத் தீனி போட்டவர்களின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இது பழங்கதை அல்ல. திருப்பூர் பனியன் தொழில் பற்றிய ஷரத் சாரியின் ஆய்வு நூல் 2004இல் வந்தது. தங்கள் உயர்வுக்குக் காரணமாகக் கவுண்டர் முதலாளிகள் சொல்லும் ஒரே சொல் 'உழைப்பு' என்கிறது அது. உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே தோட்டத்தில் உழைத்த இருவரில் ஒருவருக்கு நிலம் மிஞ்சியது, மற்றவருக்குக் கடன் மிஞ்சியது. நிலம் மிஞ்சியவர் கம்பெனி வைத்தார். கடன் மிஞ்சியவரின் பேரப்பிள்ளைகள் அந்தக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகிறோம்.

அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்ற பழைய தோட்ட மாளிகை 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே அடிமைகளாயிருந்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். அந்த அடிமைமுறையும் நம் பண்ணையமும் ஒன்றல்ல. ஆனால் பெரிய வீட்டின் கதையை யாரிடமிருந்து தொடங்குவது என்பதை அவர்களிடம் கற்கலாம்.

தொட்டிக்கட்டு வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. பாதுகாக்கட்டும். ஆனால் அடுத்தமுறை கேமராவோடு போகும் தோழர்கள், வாசலில் வீட்டுக்காரரிடம் பேசியதோடு திரும்பிவிடாதீர்கள். வளவுக்கும் வாருங்கள். அந்த வீட்டில் பண்ணையம் செய்த பாட்டிகள் சிலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள்.