கம்பியை இழுக்கும் விரல்

கொச்சியின் கிட்டார் கலைஞர் பைஜு தர்மஜனைப் பற்றிப் பேச்சு வந்தால், ராக் இசையில் கர்நாடக சங்கீதத்தைக் கலந்தவர் என்று ஒரே வரியில் பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். அந்த வரி அவருக்குச் செய்யும் அநீதி சிறியதல்ல. கலப்பு என்றால் இரண்டு பொருள்கள் தனித்தனியே இருந்து ஒன்றின்மேல் ஒன்று ஊற்றப்பட்டன என்றாகிறது. 1996இல் இந்நகரில் தொடங்கிய, அவர் கிட்டார் வாசித்த மதர்ஜேன் ராக் குழு 2008இல் வெளியிட்ட ‘மக்தூப்’ தொகுப்பில் உள்ள ‘சேஸிங் தி சன்’ பாடலைக் கேளுங்கள். சூரஜ் மணியின் குரலுக்கு நடுவே கிட்டார் எழும் இடங்களில், மேலே பூசிய ராகச் சாயம் எதுவும் இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், இடைப்பட்ட தூரம் முழுவதையும் வழுக்கிக் கடக்கிறது விரல். போய்ச் சேர்ந்த இடத்திலும் அசைவின்றி நிற்பதில்லை. கர்நாடக சங்கீதத்தில் நாம் கமகம் என்பது இதைத்தான். அது இங்கே கிட்டாரின் உடம்பிலிருந்தே பிறக்கிறது என்பதே நம் வாதம்.

மெட்டு வைத்த வாத்தியத்தில் கமகம் எப்படி வரும் என்பது பழைய ஆட்சேபம். வீணையிலும் மெட்டு உண்டு, மெழுகில் பதித்த இருபத்துநான்கு மெட்டுகள். வைணிகர் ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் மேல் ஸ்வரங்களைத் தொடுகிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் கிட்டார் கலைஞர்களும் கம்பியை இழுத்தே ஸ்வரத்தை அழவைத்தார்கள். காந்தாரத்தைச் சற்றே ஏற்றி, இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையில் நிறுத்தும் அவர்கள் பழக்கம் நம் காதுக்கு அந்நியமே அல்ல. ராக் கிட்டார் அந்த ப்ளூஸின் பிள்ளை. ஆகவே கிட்டாரில் கமகம் வாசிப்பவர் வாத்தியத்தின் இயல்பை மீறவில்லை, அதற்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றை நம் பக்கமாக நீட்டுகிறார். ஒரு வித்தியாசம் உண்டு. வீணைக் கம்பி இடம்கொடுக்கும் அளவுக்குக் கிட்டார் கம்பி கொடுக்காது; ஓரளவுக்குமேல் இழுக்க முடியாது. அதனால்தான் பைஜுவின் இடக்கை ஒரே கம்பியில் மேலும் கீழுமாக அத்தனை வழுக்குகிறது. அவருடைய பாணி என்று நாம் கொண்டாடுவதில் பாதி, இந்தக் குறையைக் கடக்கும் உழைப்பு.

ராக லட்சணம் எங்கே, ஆலாபனை எங்கே என்று கேட்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. பின்னால் கார்டுகள் என்னும் ஸ்வரக்கூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும்போது ஒரு ராகம் தன் முழு உருவத்தோடு நிற்க முடியாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கச்சேரி மரபு முழுவதையும் வாசித்துக் காட்டினார். பைஜு அதைச் செய்யவில்லை, செய்ய முற்படவும் இல்லை. ஆனால் கிட்டார் தனித்து எழும் சில நொடிகளுக்குள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அவர் தரும் கவனம், கச்சேரி ரசிகர் தம் அளவுகோலாலேயே அளந்து பார்க்கத் தக்கது. அளக்க மறுப்பதுதான் தவறு.

மதர்ஜேனின் ஆங்கிலப் பாடலுக்கு இந்த மண்ணோடு என்ன உறவு என்ற கேள்வியைக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் நின்றுகொண்டு கேட்பது விந்தை. கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளத்தோடு புழங்கும் தெருக்கள் இவை. இங்கேதான் மெஹ்பூப் பாய் ஹார்மோனியத்தோடும் தபலாவோடும் பாடினார். அந்த ஹார்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்திருந்தது. அந்தத் தடைக்காலத்திலும் மட்டாஞ்சேரி மெஹ்ஃபில்கள் ஹார்மோனியத்தைக் கைவிடவில்லை. வயலின் வந்த கதையும் நமக்குத் தெரியும், பாலுஸ்வாமி தீட்சிதர் காலம் தொட்டு. ராக் இசையும் நேற்று வந்து இறங்கியதல்ல. இந்நகரின் 13 ஏடி ராக் குழு ‘கிரவுண்ட் ஜீரோ’ தொகுப்பை வெளியிட்டது 1990இல்.

குறை நம் எழுத்தில் இருக்கிறது. 2012 முதல் பியனாலே கலைக் கண்காட்சி நடக்கும் இதே பகுதியில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் விமர்சன மொழி வளர்ந்திருக்கிறது. 2010இல் மதர்ஜேனை விட்டு விலகித் தனிவழி சென்ற இக்கலைஞருக்கோ ‘காட் ஆஃப் ஸ்மால் ஸ்ட்ரிங்ஸ்’ என்ற பட்டப்பெயரைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டோம். பட்டப்பெயர் விமர்சனமாகாது. வீணை கற்றவர்கள், கிட்டார் வாசிப்பவர்கள் யாராவது ‘சேஸிங் தி சன்’ பாடலின் கிட்டார் பகுதியை ஸ்வரப்படுத்தி, எந்த ஸ்வரம் எங்கே எப்படி அசைகிறது என்று எழுதி அனுப்புங்கள். நிறைகளோடு குறைகளையும் எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.